பரண் மேலிருந்து அம்பு: வாசகர் கேள்வி பதில்

தேயிலைத் தோட்ட ஓரங்களில் விலங்கு உருவ நுரை இலக்குகளை நட்டு, ரீகர்வ் (முனை வளைந்த வில்), லாங்போ (நீள வில்) போன்ற மரபு விற்களில் பழகுகிறவர்கள் நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் க்ளைம்பிங் ஸ்டாண்ட் வாங்கி மரத்தில் ஏறியும் எய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் சாதனம் இது. இருக்கை ஒன்று, கால் வைக்கும் தட்டு ஒன்று என இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வடம். இங்கே அதை ‘ஏறு பரண்’ என்போம். தினைப்புனம் காத்த காலத்திலிருந்து மலைக்காரர்களுக்குப் பரண் பழக்கமான சொல்தானே.

கேள்வி: 45 பவுண்டு இழுவிசையுள்ள ரீகர்வ் வில். தரையில் நின்று 15 மீட்டரில் எய்தால் ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. 5 மீட்டர் உயரப் பரணில் ஏறி அதே இலக்கை எய்தால் எல்லாம் ஒரு சாண் மேலே போகின்றன. கீழ்நோக்கி எய்யும்போது புவியீர்ப்பு குறைவாக வேலை செய்யும், அதனால் தாழ்த்திக் குறி வை என்கிறார் நண்பர். எவ்வளவு தாழ்த்த வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நண்பர் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் உங்கள் ஒரு சாணுக்கு அது காரணமில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பரணில் நிற்கும் உங்கள் கண்ணுக்கும் இலக்கின் நடுவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 6 மீட்டர். கிடைத்தூரம் 15 மீட்டர் என்றால், கண்ணிலிருந்து இலக்கு வரை சாய்வாக அளந்தால் 16 மீட்டரைச் சற்றே தாண்டும். அம்பு எவ்வளவு தாழும் என்பதைத் தீர்மானிப்பது கிடைத்தூரம். கண்ணோ சாய்வுத் தூரத்தைப் பார்த்து 16 மீட்டருக்கு எய்யச் சொல்லும். உங்கள் வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்தால், இந்தத் தவறால் அம்பு மேலே போவது சுமார் 4 செ.மீ. மட்டுமே. ஒரு சாண் என்பது 22 செ.மீ.க்குக் குறையாது. மீதி எங்கிருந்து வந்தது?

உங்கள் இடுப்பிலிருந்து வந்தது. மேலே நின்றதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: உடம்பை நேராக வைத்துக்கொண்டு வில் பிடித்த கையை மட்டும் கீழே இறக்குவார்கள். தோளின் கோணம் மாறுகிறது, முதுகு தளர்கிறது, இழுப்பு ஓர் அங்குலம் குறைகிறது. குறைந்த இழுப்பால் வேகம் குறைந்து அம்பு சுமார் 4 செ.மீ. தாழும். முன்னே சொன்ன 4 செ.மீ. இதிலேயே ஏறக்குறைய நேராகிவிடும். பெரிய கேடு முகத்தில் நடக்கிறது. கீழே பார்க்க மோவாயை முன்னே நீட்டுவீர்கள். வாயோரத்தில் பதிய வேண்டிய விரல் தாடையை நோக்கி நழுவும். அம்பின் வால் கண்ணிலிருந்து 1 செ.மீ. கூடுதலாகக் கீழே போனால் போதும். 28 அங்குல அம்பு ஏறத்தாழ 71 செ.மீ. நீளம். வாலில் 1 செ.மீ. தவறு, 16 மீட்டர் தள்ளி 22 செ.மீ. ஏற்றமாக விரியும். உங்கள் ஒரு சாண் இதுதான்.

ஆகவே குறியைத் தாழ்த்தாதீர்கள், உடம்பைச் சரிசெய்யுங்கள். பரணில் நின்று, தரையில் நிற்பதுபோலவே நேர் எதிரே பார்த்து, கிடைமட்டமாக முழு இழுப்பு இழுங்கள். விரல் வாயோரத்தில் பதிந்ததை உணர்ந்த பிறகு, இடுப்பை மரப்பக்கமாகப் பின்னே தள்ளி, இடுப்பிலிருந்து குனியுங்கள். தோள், இரு கை, தலை நான்கும் ஒரே துண்டுபோல இறங்க வேண்டும். வில் பிடித்த முட்டி, இரு தோள்கள், நாண் இழுத்த முழங்கை எல்லாம் ஒரே கோட்டில் இருக்க, அந்தக் கோடு முதுகுத்தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இழுத்த முழங்கை மேலேறியே ஆகும். அது தரைக்கு இணையாகவே நின்றுவிட்டால் மூன்று விரல்களிலும் பாரம் சமமாக இராது, நாணை விடுவது பிசிறும். பக்கவாட்டில் நின்று ஒருவரைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். தவறு எங்கே என்று முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.

இதைப் பழக மரம்கூடத் தேவையில்லை. உங்கள் ஊரில் தேயிலைச் சரிவுக்கா பஞ்சம்? மேல் வரப்பில் நின்று கீழே வைத்த இலக்கை ஒரு வாரம், நாளுக்கு 30 அம்பு எய்யுங்கள். அதன் பிறகு 2 மீட்டர் உயரம், அங்கே அம்புகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழத் தொடங்கிய பிறகே 5 மீட்டர். இலக்கு 8 மீட்டருக்கும் அருகில் இருந்தால் இடுப்பு மட்டும் போதாது. இலக்குப் பக்கத்து முழங்காலையும் கொஞ்சம் மடக்க வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் நில எல்லையில் நல்ல நெடுநெடுவென்று கற்பூர மரங்கள் (யூக்கலிப்டஸ்) நிற்கின்றன. கிளையே இல்லை. ஏறு பரணுக்கு இதைவிடத் தோதான மரம் உண்டா?
– வாசகர், குன்னூர்

பதில்: நேராக, கிளையில்லாமல், 20 முதல் 50 செ.மீ. வரை குறுக்களவில் இருக்க வேண்டும் என்பது வரை கற்பூர மரம் தேர்வாகும். பட்டையில் தோற்றுவிடும். நீலகிரிக் கற்பூர மரத்தின் வெளிப்பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், அடியில் வழவழவென்று இருக்கும். ஏறு பரண் மரத்தைப் பிடிப்பது உங்கள் எடையால். வெளி விளிம்பில் நீங்கள் அழுத்த, மரத்தின் முன்பக்கம் பற்கள் வைத்த பல்சட்டமும் பின்பக்கம் வடமும் எதிரெதிராகக் கடிக்கின்றன. உரியும் பட்டையைக் கடித்தால் பட்டையோடு சேர்ந்து நீங்களும் இறங்குவீர்கள். பனி பெய்த காலையில் வழவழப்பான அடிமரமும் அதேதான்.

சீகை மரமும் (வாட்டில்) வேண்டாம். வேர் ஆழமில்லை, காற்று மழையில் முதலில் சாய்வது அதுதான். பைன் மரத்தின் மேற்பகுதியில் பட்டை மெல்லிய செதிலாக உதிரும். சோலை மரங்கள் பக்கமே போகக் கூடாது. அவை வளர எடுத்த காலத்துக்கு, நம் பல்சட்டத்தின் ஒரு கீறல்கூட அதிகம்.

மிஞ்சுவது சில்வர் ஓக். மேலிருந்து கீழாக வெடிப்போடிய சொரசொரப்பான பட்டை, பல் நன்றாகப் பிடிக்கும். அதிலும் பார்க்க வேண்டியவை உண்டு. மிளகுக் கொடி ஏற்றிய மரம் கூடாது. நிழலைக் குறைக்கக் கிளை கழித்தபோது விட்ட முளைக்கட்டைகள் இருந்தால் வடம் தாண்டாது. அடிமரத்தைக் கத்தியின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள், டொக்கென்று பொந்துச் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். பாசி படர்ந்த பக்கம், சாய்ந்த மரம், பட்ட மரம் எல்லாம் தள்ளுபடி. அண்ணாந்து ஒருமுறை முழுதாகப் பாருங்கள், மலைத்தேனீக் கூடு இருக்கலாம். அம்பு போகப் பாதை வேண்டுமென்று பக்கத்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். மலைப் பகுதிகளில் பட்டா நிலமானாலும் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பரணை இன்னொரு மரத்துக்கு மாற்றுவது சுலபம்.

கேள்வி: கீழே சமமாகப் பூட்டிய தட்டு, மேலே போனதும் வெளிப்பக்கமாகச் சரிந்துவிடுகிறது. பூட்டு கழல்கிறதா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பூட்டு சரியாகவே இருக்கிறது, மரம்தான் மெலிகிறது. அடியில் 32 செ.மீ. குறுக்களவுள்ள மரம் 5 மீட்டர் உயரத்தில் 26 செ.மீ. ஆகலாம். வடத்தின் நீளம் மாறாததால் அந்த 6 செ.மீ. தளர்ச்சியைத் தட்டு சரிந்து ஈடுகட்டுகிறது. அதனால் தரையில் பூட்டும்போதே வெளி விளிம்பு 10 முதல் 15 செ.மீ. உயர்ந்திருக்கும்படி பூட்டுங்கள். கீழே அண்ணாந்து நிற்கும் தட்டு மேலே சமமாகும். சரிவு தெரிந்தால் இறங்கி வந்து வடத்தில் ஒரு துளை மாற்றுங்கள். நடு மரத்தில் தொங்கியபடி வடத்தைப் பூட்டும் ஊசியைக் கழற்றுவது உயிரோடு விளையாட்டு.

ஏறும் முறையையும் சொல்லிவிடுகிறோம். இருக்கைச் சட்டத்தை இரு கையாலும் தூக்கி ஓர் அடி மேலே பதித்து, அதில் உட்கார்ந்து எடையைக் கொடுங்கள். கால்களைத் தட்டின் வார்களில் மாட்டியபடி தட்டை மேலே இழுத்து, குதிகாலை அழுத்திப் பதியுங்கள். எழுந்து நில்லுங்கள். மறுபடி இருக்கை. ஒரு நேரத்தில் ஒரு சட்டம்தான் நகர வேண்டும். இரண்டு சட்டங்களையும் ஒரு நாடாவால் இணைத்தே ஆக வேண்டும். நிற்கும்போது தட்டிலிருந்து கால் எடுபட்டால், எடையில்லாத தட்டு சரசரவென்று அடிமரத்துக்குப் போய்விடும். நீங்கள் இருக்கையில் மாட்டிக்கொண்டு மேலே நிற்பீர்கள். அந்த ஒரு முழ நாடாவைக் கட்ட மறந்தவர்கள்தான் இதை அனுபவிக்கிறார்கள்.

கேள்வி: இடுப்பில் கயிறு கட்டி மரத்தோடு பிணைத்துக்கொண்டால் போதாதா? ஹார்னஸ் விலை அதிகமாக இருக்கிறது.
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: போதாது அம்மா. இடுப்புக் கயிறு மட்டும் இருந்து விழுந்தால், உடம்பின் மொத்த எடையும் வயிற்றிலும் விலாவிலும் இறங்கும். மூச்சு விட முடியாது. தலைகீழாகவும் கவிழ்த்துவிடும். தோள், மார்பு, தொடை மூன்றிலும் வார் ஓடும் முழு உடல் ஹார்னஸ் இல்லாமல் மரத்தில் கால் வைக்காதீர்கள். பரணுக்குப் பணம் போதவில்லையென்றால் பரணைத் தள்ளிப்போடுங்கள், ஹார்னஸை அல்ல.

அதைப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. பரணில் போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்வது தவறு. ஏறும்போதும் இறங்கும்போதும் விழும் ஆபத்து அதைவிடக் கூடுதல். தரையை விடும் முன்பே மரத்தைச் சுற்றிய கயிறு உங்களோடு இணைந்திருக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் அதையும் மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நிரந்தரமாகப் பழகும் மரமென்றால், மேலே கட்டி அடிவரை தொங்கும் 11 மில்லிமீட்டர் கயிற்றில் 8 மில்லிமீட்டர் கயிற்றால் மூன்று சுற்றுப் புருசிக் முடிச்சுப் போட்டு, அதில் காராபினரை (பூட்டுக் கொக்கி) மாட்டுங்கள். முடிச்சைக் கையால் பிடித்துத் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும். அதைத் தலை மட்டத்திலோ அதற்கு மேலோ வையுங்கள். உட்கார்ந்தால் பிணைப்பு நாடாவில் தொய்வே இருக்கக் கூடாது. தொய்வு ஒரு முழம் என்றால் விழுவதும் ஒரு முழம், அந்த வெட்டு இழுப்பு முதுகைத் தாக்கும்.

விழுந்து ஹார்னஸில் தொங்கினால் பிழைத்துவிட்டோம் என்று சும்மா இருக்கக் கூடாது. தொடை வார் அழுத்த, இரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும். இதற்கென்றே ஒரு நாடா வளையத்தை ஹார்னஸ் பையில் வைத்திருங்கள். அதில் கால் வைத்து எழும்பி நின்று, கால் மாற்றி மாற்றி மிதியுங்கள். அதற்குள் இறக்கிவிட ஆள் வர வேண்டும். அதனால் தனியே ஏறாதீர்கள். பழனி மலையின் பல மடிப்புகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது, ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஹார்னஸ் துணி வெயிலிலும் ஈரத்திலும் நலியும். தையல் பிரிந்தாலோ, நிறம் வெளுத்தாலோ, ஒரே ஒருமுறை விழுந்த எடையைத் தாங்கியிருந்தாலோ அதைக் கழித்துவிட வேண்டும்.

கேள்வி: என் லாங்போ 68 அங்குலம். பரணில் எய்தபோது வில்லின் கீழ்ப்பாதியான கீழ்க்கை பரணின் கம்பியில் அடித்து அம்பு எங்கோ போய்விட்டது. வில்லை மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், ஊட்டி

பதில்: முதலில் அந்த வில்லின் கீழ்க்கையைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். இழை எங்காவது பஞ்சைப் பிடித்து இழுத்தால் அங்கே கீறல் விட்டிருக்கிறது, அதை மறுபடி நாணேற்றக் கூடாது.

68 அங்குலம் பரணுக்கு நீளம்தான். 60, 62 அங்குல ரீகர்வ் சௌகரியம். லாங்போவை விட மனமில்லையென்றால் இரண்டு காரியம் செய்யலாம். வில்லை நட்டுக்குத்தலாகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடியுங்கள். வலக்கையால் இழுப்பவருக்கு மேல்முனை வலப்பக்கம் சாயும், கீழ்முனை தொடையையும் கம்பியையும் விட்டு இடப்பக்கம் விலகும். அடுத்து, முன்னால் குறுக்குக் கம்பியுள்ள பரணில் நின்று எய்யாதீர்கள். முன்பக்கம் திறந்த அமைப்பு வேண்டும். மரத்துக்கு முதுகு காட்டி நிற்கும் வலக்கை வில்லாளிக்கு இடப்பக்கம் தாராளமாக வரும், வலப்பக்கம் வரவே வராது. ஆகவே இலக்கு உங்கள் இடப்பக்கம் அமையும்படி பரணைத் திருப்பிப் பூட்டுங்கள்.

அம்பு தொடுக்கும் முன்பு ஒவ்வொரு முறையும், வெறும் வில்லைப் பாதி இழுத்து, குனிந்து, கீழ்முனை எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள், பிறகு மெதுவாகத் தளர்த்துங்கள். வெறும் நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்பில்லாமல் விட்டால் வில் உடையும்.

கேள்வி: காட்டுப்பன்றி எங்கள் கிழங்குத் தோட்டத்தை நாசம் செய்கிறது. பரணிலிருந்து வில்லால் அடித்தால் சத்தமும் வராதே?
– வாசகர், கூடலூர்

பதில்: செய்யாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இரை வைத்து ஈர்ப்பதும், விரட்டுவதும், முயன்று தவறுவதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ‘ஆயுதம்’ என்ற விளக்கத்தில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் அதைக் கொண்டுபோவதும் குற்றம். இந்தப் பகுதியில் சொல்லும் எதுவும் நுரை இலக்குக்கு மட்டுமே. பயிர்ச் சேதத்தை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். காவல் பரணில் விளக்கும் தகரமும் வைத்துக்கொண்டு உட்காருங்கள், வில்லை வீட்டில் வையுங்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பழகிக்கொண்டிருக்கும்போது காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்துவிட்டால் இறங்காதீர்கள். எய்வதை நிறுத்தி, அது போகும்வரை மேலேயே இருங்கள்.

கேள்வி: 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது. அதற்காகக் குறியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஊட்டி

பதில்: வேண்டாம். கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் 15, 20 மீட்டரில் மரபு வில்லின் அம்புக்கு அது கண்ணில் படாத வித்தியாசம். உங்களைக் கெடுப்பது குளிர். விறைத்த விரல் நாணைச் சுத்தமாக விடாது. தடித்த ஸ்வெட்டர் கையில் நாண் உரசினால் அம்பு இடம் வலம் போகும், அதன் மேலேயே கைக்காப்பைக் கட்டுங்கள். குல்லாவின் ஓரம் வாயோரத்தை மறைத்தால் மடித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உலோகத் தட்டில் உறைபனி கண்ணாடிபோல் படிந்திருக்கும். வெயில் ஏறி அது கரைந்து, துணியால் துடைத்த பிறகு ஏறுங்கள். குளிரில் பழகத் தரையில் இழுப்பதைவிட 5 பவுண்டு குறைந்த வில் நல்லது.

கேள்வி: பிற்பகல் மூடுபனியில் அம்பின் சிறகு நனைந்து ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் சிறகு போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வில்லின் மேடையிலேயே (பிடிக்கு மேல் அம்பு தங்கும் விளிம்பு) அம்பை வைத்து எய்கிறவர் என்றால் கூடாது. இறகு மேடையில் பட்டால் மடங்கிக்கொடுக்கும். பிளாஸ்டிக் மடங்காது, அம்பின் வாலை உதைத்துத் தள்ளும். இறகில் நீர் ஒட்டாத பொடியைத் தூவிவையுங்கள், எய்யும் வரை தூணியை ஒரு பாலிதீன் பையால் மூடியிருங்கள். நனைந்துவிட்டால் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டிச் சுழற்றினால் இறகு மறுபடி நிமிரும். மர அம்புகள் ஈரத்தில் வளையும், படுக்கையாக வைத்து உலர்த்துங்கள், சுவரில் சாத்தாதீர்கள். நாணுக்கு மெழுகு வாரம் ஒருமுறை.

கேள்வி: வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவதா, கயிற்றில் இழுப்பதா? இன்னொன்று, இலக்கைத் தாண்டும் அம்புகள் புல்லுக்குள் போய்த் தொலைகின்றன.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: கயிற்றில்தான். பரணில் உட்கார்ந்து, பிணைப்பைச் சரிபார்த்த பிறகே கயிற்றை இழுங்கள். நாணேற்றிய வில்லைப் பிடிப்பகுதியில் கட்டாமல் ஒரு முனையில் கட்டினால் கிளையில் சிக்காமல் வரும். அம்புகள் தனியாக, கூர் முழுதும் மூடிய தூணியில், இரண்டாவது இழுப்பில் வரட்டும். நீங்கள் விழுந்தால் விழும் இடத்தில் கூரான எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். இறங்கும்போதும் அம்பும் வில்லும் முதலில், ஆள் பிறகு. இறக்கியவற்றை அடிமரத்தை விட்டுத் தள்ளி இருக்கும்படி ஊசலாட்டி இறக்குங்கள்.

அம்பு தொலைவதற்குக் காரணம், இலக்கு செங்குத்தாக நிற்பது. மேலிருந்து 20 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் அம்பு நுரையை மேலோட்டமாகக் கிழித்துக்கொண்டு அடிப்பக்கமாக வெளியேறும். இலக்கின் முகத்தை அதே 20 டிகிரி பின்னே சாய்த்து, உங்களை அண்ணாந்து பார்ப்பதுபோல வையுங்கள். பிடுங்கும்போது அம்பு நுழைந்த கோட்டிலேயே மேல்நோக்கி இழுங்கள், கிடையாக இழுத்தால் தண்டு வளையும். இலக்குக்கு அடியிலும் பின்னாலும் 2 மீட்டருக்குப் புல்லைச் செதுக்கிக் கல்லைப் பொறுக்கிவிடுங்கள். கல்லில் பட்ட அம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் இலை பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை இருந்தால் அந்த இடமே ஆகாது, எதிரே மேடு உள்ள பக்கத்துக்கு இலக்கை மாற்றுங்கள். தப்பித் தவறிப் புல்லுக்குள் போன அம்பை, அது நுழைந்த திசைக்குக் குறுக்காக வாருகோலால் மெதுவாக வாரினால் கிடைத்துவிடும். வெறுங்கையால் துழாவ வேண்டாம், பாம்பு இருக்கும்.